கரும்பும் கரும்பாறையும்

சேத்தியாத்தோப்பில் மலை கிடையாது. வெள்ளாறு, வாய்க்கால், நெல், கரும்பு, மறுபடியும் நெல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் தடங்கலில்லாமல் ஓடும். வடக்கே மட்டும் வானத்தின் அடியில் நீளமாக ஒரு மேடு தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய மேல்மண் அது. சிறு வயதில் அதைக் காட்டித்தான் மலை என்று சொல்லிக்கொள்வோம். பள்ளம் என்றாலும் எங்களுக்கு அந்தச் சுரங்கம்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போய் விளிம்பில் நிறுத்திக் காட்டினார்கள். படிப்படியாக வெட்டி இறங்கிய மண்சுவர்கள், கீழே எறும்பாகத் தெரிந்த லாரிகள், மெதுவாகச் சுழன்று மண்ணைக் கடித்த ராட்சதச் சக்கரம். பூமிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், மஃபாத் என்ற மலைக்கிண்ணத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் நின்றபோது, அந்தச் சுரங்க விளிம்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. வலக்கைப் பக்கம் கரும்பாறைச் சுவர். இடப்பக்கம் பாதை முடிந்து வெறும் காற்று. வெகு கீழே ரிவியேர் தே கலே ஆறு வெள்ளிக் கோடாக ஓடுகிறது. எதிர்ச்சுவர் அவ்வளவு தூரத்தில் இருந்தும் முகத்துக்கு நேரே நிற்பதுபோல உயரம். அதில் நீண்ட வெள்ளை வால் கொண்ட கடற்பறவைகள் கூடு கட்டியிருந்தன. கடலில் மீன் பிடித்துவிட்டு மலையிடுக்கில் வந்து குஞ்சு பொரிக்கும் பறவை.

என்னை அழைத்துப் போனவன் அத்தை மகன். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு அந்தத் தீவுக்கு வேலைக்குப் போனவன். "மச்சான், கார்லயே சுத்தினா இந்த ஊர் புரியாது, கால்ல நடக்கணும்" என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். சான் சூசி என்ற மேட்டுக் குடியிருப்பில் தொடங்கி, தண்ணீர்க் குழாயை ஒட்டியே போகும் பாதை. ஏற்றம் அதிகமில்லை. ஆனால் பாறையைக் குடைந்து ஓரமாகச் செதுக்கிய வழி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். யார் நிற்பது என்று யாரும் யோசிப்பதில்லை. சுமையோடு வருபவருக்கு மற்றவர் ஒதுங்குகிறார்.

சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தில் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு செங்குத்தாகச் சில கற்பட்டைகள் ஏறுகின்றன. உள்ளிருந்து பிளவு வழியே மேலேறிய குழம்பு, வெளியே வராமல் பிளவுக்குள்ளேயே இறுகிப்போனதன் தடம். இதெல்லாம் பித்தோன் தே நேஜ் என்ற பழைய எரிமலையின் உடம்பு. 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் அந்தச் சிகரம் அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அது அடங்கிய பிறகு மழை வேலையைத் தொடங்கியது. பாறை சரிந்தது, ஆறு அரித்தது. சிகரத்தைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்று மூன்று பெரும் கிண்ணங்கள் உண்டாயின. இவற்றையும் இவற்றைச் சூழ்ந்த செங்குத்துச் சுவர்களையும் 2010ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தீவின் தென்கிழக்கில் பித்தோன் தே லா ஃபூர்னேஸ் இன்னும் எரிகிறது. 2007ல் அது பொங்கியபோது உச்சியிலிருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டர் அளவுக்கு உள்ளே இறங்கிவிட்டது.

அந்த நெருப்புக்கும் நமக்கும் உறவு உண்டு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரப் பக்கம் பூமி பிளந்து, குழம்பு அலை அலையாக வெளியேறித் தக்காணப் பீடபூமியாகப் படிந்தது. அன்றைக்கு இந்திய நிலத்தட்டு தெற்கே இருந்தது. அடியில் கொதித்த இடம் ஏறக்குறைய அங்கேயே நிற்க, மேலே தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. நகர நகர, அந்தக் கொதிப்பு கடலடியில் ஒரு தொடரை உண்டாக்கிக்கொண்டே வந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். புவியியலார் வரைந்து காட்டும் வரிசை இது. அஜந்தா குகைகளைக் குடைந்த கல்லுக்கும் என் வலக்கை தொட்டுக்கொண்டிருந்த கல்லுக்கும் ஊற்று ஒன்றுதான். மனிதர்கள் கப்பலேறிப் போவதற்கு முன்னாலேயே நிலம் போட்டு வைத்த தொடர்பு.

மச்சான் முன்னால் போய்விட்டான். குழாயின் மேல் கொஞ்சம் உட்கார்ந்தேன். ஓராங்ஜே பக்கத்து ஊற்றுநீரை மேற்குச் சரிவின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் இறக்கிக்கொண்டு போக ஏற்பட்ட வழி அது. தீவின் கிழக்கில் மழை கொட்டும், மேற்கு காயும். அதனால் பிற்காலத்தில் மலையையே குடைந்து கிழக்கு நீரை மேற்குக்குத் திருப்பும் சுரங்க வாய்க்கால்களும் வெட்டியிருக்கிறார்கள். குழாயைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே நீரோட்டம் கையில் தெரிந்தது.

சேத்தியாத்தோப்புக்காரனுக்குக் குழாய் என்றால் வீராணம்தான். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு காலத்தில் வார்த்த ராட்சதக் கான்கிரீட் குழாய்கள், திட்டம் நின்றுபோனபின் சாலையோரங்களில் பல வருஷம் கிடந்தன. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். நாங்கள் உள்ளே நின்று கத்தி எதிரொலி கேட்போம். வீடில்லாத குடும்பங்கள் அதற்குள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தன. மழைக்கு ஒரு பக்கம் சாக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். பிறகு 2004ல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. இன்றைக்குச் சேத்தியாத்தோப்பில் இருக்கும் நீரேற்று நிலையத்திலிருந்து ஏரித் தண்ணீர் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏறி, அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். எங்கள் மண் நீரையும் நிலக்கரியையும் சர்க்கரையையும் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பு அது ஆட்களை அனுப்பியது.

ஆகஸ்டு மாதம். தீவில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. மலைக்குள் வருவதற்கு முன் கடலோரச் சரிவுகளில் வண்டி வண்டியாகக் கரும்பு போவதைப் பார்த்தேன். அந்தப் புளித்த இனிப்பு வாடையும் காற்றில் மிதக்கும் சோகைத் தூசும் எனக்குப் பிறந்த வீட்டு வாசனை. எங்கள் ஊரின் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கினால் டிராக்டர்களும் லாரிகளும் சாலையோரம் இரவெல்லாம் வரிசை கட்டி நிற்கும். அப்பா கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பார். வெட்டு ஆட்கள் விடியுமுன் வயலில் இறங்குவார்கள். சோகை அறுத்த கீறல்கள் அவர்கள் முழங்கையிலும் கழுத்திலும் சிவப்புக் கோடுகளாக இருக்கும். வியர்வை பட்டால் எரியும். பேசாமல் வெட்டுவார்கள். அடிக்கட்டையை மண்ணோடு ஒட்டி வெட்டினால்தான் மறுதாம்பு நன்றாக வரும் என்று அப்பா சொல்லிக்கொண்டே வரப்பில் நடப்பார்.

ரீயூனியனுக்குப் போனவர்களும் இந்த வேலைக்குத்தான் போனார்கள். 1848 டிசம்பர் 20ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விடுதலையானார்கள். வெட்டுக்கு ஆள் இல்லை. தோட்ட முதலாளிகளின் கண் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1861ல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. மேஸ்திரிகள் தென்னார்க்காட்டிலும் தஞ்சாவூர்ச் சீமையிலும் சுற்றினார்கள். பஞ்சமும் கடனும் அவர்கள் வேலையைச் சுலபமாக்கின. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றார்கள். ஒப்பந்தக் கூலிகள் அங்கே படும் துன்பம் பற்றிய புகார்கள் பெருகி, 1882ல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த வழியை அடைத்தது. அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்று அழைக்கிறார்கள்.

எங்கள் வெள்ளாறு சேலத்து மலைகளிலிருந்து இறங்கி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. கோடையில் ஆற்று மணலில் நடந்து அக்கரை போவோம். அந்த வெள்ளை மணலில் கால் புதைய நடந்துதான் பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டவர்களும் போயிருப்பார்கள். கடலைப் பார்த்திராதவர்கள் அநேகம் பேர். மலையைப் பார்த்திராதவர்கள் இன்னும் அதிகம். கப்பல் கரையை நெருங்கும்போது கடலிலிருந்து நேராக எழும்பி மேகத்துக்குள் மறையும் அந்தக் கறுப்புத் தீவை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நடக்கும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஃபாத்துக்கு வருவதற்கு முந்தின நாள் மச்சான் கிராந்த் ஷலூப் என்ற இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். கடலை நோக்கித் திறக்கும் குறுகலான மலைப்பிளவு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. அங்கே 1860களில் கட்டிய நோய்த்தடுப்பு முகாம் இருக்கிறது. லாசரே என்கிறார்கள். கப்பலில் வந்தவர்களைக் காலரா, அம்மை பயத்தில் இங்கே அடைத்து வைத்து, பிறகுதான் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். கட்டடங்களைப் புதுப்பித்து நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பிளவுக்குக் கடலோரச் சாலை வருவதற்கு முந்தைய வழி, 18ம் நூற்றாண்டில் மலைமேல் கரும்பாறைக் கற்களைப் பாவிப் போட்ட ஒரு பாதை. ஆங்கிலேயர் பாதை என்று பெயர். 1810ல் ஆங்கிலேயப் படை தீவைப் பிடித்தபோது அதன் வழியே போனதாம். கற்கள் காலடி பட்டு வழுவழுப்பாகியிருக்கின்றன. எந்தக் கல்லில் யார் கால் பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தலைக்கு மேலே தெரிந்த அந்த ஒரு துண்டு வானம் மாறியிருக்காது. எங்கள் ஊர் வானம் முழுசாக இருக்கும். கண்ணுக்கு அவ்வளவு வானம் பழகியவர்களுக்கு இங்கே கிடைத்தது அந்தத் துண்டுதான்.

குழாய்ப் பாதை முடிந்து ஏற்றம் தொடங்கியது. ரோஷ் பிளாத் என்ற சிற்றூரை நோக்கி ஏறும்போதுதான், இந்தக் கிண்ணத்துக்குள் மனிதர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்பது காலுக்குப் புரிந்தது. யாரும் விரும்பி வரக்கூடிய இடமில்லை. துரத்தப்பட்டவர்கள்தான் வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகள் தோட்டங்களிலிருந்து தப்பி ஆற்றோடு ஏறி இங்கே ஒளிந்தார்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிவந்த ஒரு தலைவரின் பெயர். பிடித்துக்கொடுத்தால் பரிசு என்று அறிவித்து வேட்டைக்காரப் படைகளை அனுப்பினார்கள். 18ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சுவா முஸார் என்பவன் இந்த வேட்டைக்கே பேர்போனவன். பாறைச் சுவர் அவர்களுக்குக் கோட்டையாக இருந்தது. ஒற்றையடிப் பாதையே கதவாகவும் இருந்தது.

நம்மவர்கள் வந்தபோது அடிமைமுறை சட்டத்தில் இல்லை. ஆனால் ஒப்பந்தச் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடமாடினால் ஊர்சுற்றிக் குற்றம். பிடித்து வேலைக் கொட்டடியில் போடுவார்கள். நடப்பதே குற்றமாக இருந்த காலம். காலை எங்கே வைக்கலாம் என்பதை இன்னொருவன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையில் நான் இஷ்டப்பட்ட இடத்தில் நின்றேன், உட்கார்ந்தேன், திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எனக்கு முன் வந்தவர்களுக்கு மறுக்கப்பட்ட காரியம் என்ற நினைப்பு ஒரு கட்டத்துக்குமேல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மஃபாத்துக்குள் இன்றைக்கும் சாலை இல்லை. சுமார் எண்ணூறு பேர் சிதறிய சிற்றூர்களில் வாழ்கிறார்கள். மளிகையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில் வருகின்றன. மற்றதெல்லாம் நடை. இவ்ரின் போசே என்ற தபால்காரர் இந்தக் கிண்ணத்துக்குள் சுமார் நாற்பது வருஷம் கால்நடையாகவே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1951ல் தொடங்கிய நடை. தீவு முழுக்க அவர் பெயர் தெரியும். புயல் நாளிலும் பை நனையாமல் பார்த்துக்கொண்டார் என்று மச்சான் சொன்னபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையில் மணியார்டர் கொண்டுவந்த எங்கள் ஊர்த் தபால்காரரை நினைத்துக்கொண்டேன். கடிதம் வரும் இடம்தான் ஊர். ஒரு மனிதர் நடந்து வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரை அது காடு.

ராத்திரி ரோஷ் பிளாத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். சோறு, பயறு, கோழிக்குழம்பு. கூடவே ஒரு கீரை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, முருங்கைக்கீரை. அந்த வீட்டம்மாள் மல்பார் இல்லை. இருந்தாலும் கீரை எல்லோருடையதாகிவிட்டது. மசாலாவும் அப்படித்தான், மசாலே என்ற பெயரில் தீவு முழுக்க. வேற்று மண்ணில் விதைத்தவர்கள் போய்விட்டார்கள், செடி தன் பாட்டுக்கு வளர்ந்து எல்லோர் வீட்டு அடுப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் துருவா ரோஷ் என்ற இடத்துக்குப் போனோம். ஆறு அங்கே அகலமான கரும்பாறைத் தளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. பெரிய பாறைகள் நடுவில் நிற்கின்றன. திடீரென்று தளம் பிளக்கிறது. அத்தனை நீரும் ஒரு குறுகிய வெடிப்புக்குள் விழுந்து காணாமல் போகிறது. விளிம்பில் படுத்துத் தலையை நீட்டிப் பார்த்தேன். சுவர்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. சத்தம் மட்டும் மேலே வருகிறது. எரிமலை கட்டியதை நீர் எப்படி அறுக்கிறது என்பதை அந்த ஒரு இடமே சொல்லிவிடும். இந்தத் தீவில் பெய்யும் மழை சாதாரணமானதல்ல. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரியில் காமீட் புயலின்போது கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். இரண்டும் உலகச் சாதனை. தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரனுக்கே அந்த எண்கள் நடுக்கத்தைத் தருகின்றன. அப்படிப்பட்ட மழைதான் மலையை உடைத்து உருட்டிக் கூழாங்கல்லாக்கிக் கடலோரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. லெ போர் என்ற துறைமுக நகரமே இந்த ஆறு கொண்டுவந்து பரப்பிய கல்விசிறியின்மேல்தான் இருக்கிறது.

அந்த நீர்ச்சத்தத்தில் மறுபடியும் நெய்வேலி வந்தது. நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடி பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து வயலில் பாய்கிறது. 1957ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம் 1961ல் நிலக்கரியைத் தொட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் எரிந்த விளக்குகளில் பாதிக்கதை அங்கே தொடங்குகிறது. அந்த வெளிச்சத்துக்காக ஊர் ஊராக நிலம் கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, கதிர்விடும் பருவத்து நெல்லின்மேல் இயந்திரம் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்து அறுக்கும் பள்ளத்தை இயந்திரம் ஒரு தலைமுறையில் அறுத்துவிடுகிறது. இரண்டிலும் விளிம்பில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடந்த வரப்பும் வண்டிப்பாதையும் எங்கே போயின என்று எழுதிவைக்க ஆள் வேண்டும்.

மார்லா என்ற சிற்றூரைத் தாண்டி தாயிபித் கணவாய்க்கு ஏறினோம். 2,080 மீட்டர். அந்தப் பக்கம் சிலாவோஸ் கிண்ணம் விரிகிறது. மேலே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சேந்த் ஆந்த்ரே ஊர்க்காரர், பேரப்பிள்ளைகளோடு நடக்க வந்தவர். முகத்தைப் பார்த்தால் புவனகிரிச் சந்தையில் நேற்றுப் பார்த்தவர்போல இருந்தார். தமிழ் தெரியாது. நான் தமிழ்நாடு என்று மச்சான் சொன்னதும் எழுந்து இரண்டு கையும் குவித்தார். பேச்சு தீமிதிக்கு வந்தது. அங்கே பாண்டியாலே கோயிலில் வருஷா வருஷம் தீ மிதிக்கிறார்கள். பாண்டியாலே என்பது நம் பாஞ்சாலிதான். பதினெட்டு நாள் விரதம். அவர் மிதித்திருக்கிறார், அவர் மகனும். எங்கள் தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. பாரதம் படிப்பதும் தெருக்கூத்தும் முடிந்து, கடைசி நாள் பூக்குழி இறங்குவதை நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேச்சு போய்விட்டது, எழுத்து போய்விட்டது, ஊர்ப்பெயர் போய்விட்டது. நெருப்பின்மேல் நடக்கும் நடை போகவில்லை. எரிமலைத் தீவில் அதை அவர்கள் ஐந்து தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"உங்கள் ஊரில் எங்களைத் தெரியுமா?" என்று பெரியவர் மச்சானிடம் கேட்கச் சொன்னார்.

தெரியும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் படித்த பாடப்புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தத் தெருவிலிருந்து யார் போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. ஆனால் தீவின் ஆவணக் காப்பகத்தில் பதிவேடுகள் இருக்கின்றன. கப்பலேறியவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, பிறந்த ஊர், பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி. அந்தக் குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் அந்தத் தாள்களோடு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். ஒரு ஊர்ப்பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்டு அலைகிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். பெரிய பணம் தேவைப்படும் காரியமில்லை. அந்தப் பதிவேடுகளைப் படித்து, சிதைந்த ஊர்ப்பெயர்களைக் கடலூர், விழுப்புரம், நாகை மாவட்டங்களின் இன்றைய ஊர்களோடு பொருத்திப் பார்க்க நம் கல்லூரி மாணவர்களால் முடியும். பரங்கிப்பேட்டை எந்த ஊர், புவனகிரி எந்த ஊர் என்று எங்கள் பிள்ளைகளுக்குத்தான் சட்டென்று பிடிபடும். சுரங்கத்துக்குப் போன ஊர்களின் பெயரையும் கூடவே சேர்த்து எழுத வேண்டும். தேடி வரும் ஒருவருடைய ஊர் இன்றைக்கு ஆழமான பள்ளமாக இருக்கலாம். அதையும் அவருக்குச் சொல்லத்தான் வேண்டும், விளிம்புவரை கூட நடந்துபோய்க் காட்டத்தான் வேண்டும்.

பெரியவரின் முகவரியை மச்சான் வாங்கிவைத்திருக்கிறான். அவருடைய பாட்டனின் பதிவில் இருக்கும் ஊர்ப்பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் வேலையைத் தொடங்குவேன்.